கில்லாரி: ஓரிரவில் இல்லாமற்போன ஊர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் எழுந்தால் ஜகாத்தைப் பற்றியோ பிள்ளைகளின் மக்தபு வருகையைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயலாளர் அவர்கள் வரவு செலவை வாசித்துவிட்டார்கள். அதில் "மக்தபு மேல்மாடிக் கட்டட நிதி" என்று ஒரு தலைப்பு இருப்பதையும், அதில் தொகை ஓரளவு சேர்ந்திருப்பதையும் கேட்டீர்கள். நான் பேசப்போவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆனால் அதற்கு வருமுன் உங்களை எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஓர் ஊருக்கு அழைத்துச்செல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊரின் பெயர் கில்லாரி. மராட்டிய மாநிலத்தில் லாத்தூர் மாவட்டத்தின் தென்கோடியில், தேர்ணா ஆற்றங்கரைப் பகுதியில் இருந்த ஊர். "இருந்த" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று கில்லாரி என்று அழைக்கப்படும் ஊர் வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. பழைய கில்லாரி 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வியாழக்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாக, ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் மண்மேடாகிப் போயிற்று.

இங்கே நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் அதை "லாத்தூர் பூகம்பம்" என்று எழுதின. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் துண்டை விரித்து வசூல் செய்ததும், என் அத்தா சட்டைப் பையில் இருந்ததை அப்படியே போட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு எங்கோ நடந்த ஒரு செய்தி, அவ்வளவுதான். அது செய்தியாக இல்லாமல் ஒரு மனிதரின் முகமாக மாறியது நான் மதரஸாவில் ஓதிய காலத்தில்.

என்னோடு ஓதியவர்களில் ஒருவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய ஊர் கில்லாரியிலிருந்து சில கல் தொலைவில், அன்று உஸ்மானாபாத் என்றும் இன்று தாராசிவ் என்றும் அழைக்கப்படும் மாவட்டத்தில் இருந்தது. அவர் ஒருநாளும் அறைக்குள் உறங்கியதில்லை. மார்கழிக் குளிரிலும் திண்ணையில் பாயை விரித்துப் படுப்பார். உஸ்தாது கண்டித்தும் கேட்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு உஸ்தாதே அவருக்கு ஒரு கம்பளி கொடுத்துத் திண்ணையிலேயே படுக்க அனுமதித்தார்கள்.

அவர் சொன்னவற்றை நான் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய பாட்டனார் வீடு ஊரிலேயே பெரிய வீடுகளில் ஒன்று. கருங்கல் சுவர். சுவரின் கனம் இரண்டு முழத்துக்கும் மேல். அந்தக் கல்லின் கனத்தில்தான் குடும்பத்தின் கௌரவம் இருந்தது. கூரை மரச்சட்டங்களின் மேல் மண் பரப்பிய கூரை. கோடைச் சூட்டைத் தாங்குவதற்காக முன்னோர் கண்ட வழி அது. மழைக்காலத்திற்கு முன் ஒழுக்கை அடைப்பதற்காக ஆண்டுதோறும் மேலே இன்னும் கொஞ்சம் மண் போடுவார்கள். அப்படிப் போட்டுப் போட்டுக் கூரையில் முழ உயரத்துக்கு மண் ஏறியிருந்தது. அந்த இரவு வினாயகர் ஊர்வலம் முடிந்து ஊரே களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சுவர்கள் வெளிப்புறமாகவும் உட்புறமாகவும் பிளந்து விழுந்தன. அவருடைய அக்காவும் சிறிய தம்பியும் அதில் மவுத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இவரைக் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியிலிருந்து தோண்டி எடுத்தவர் யார் தெரியுமா? அவர்கள் வயலில் கூலி வேலை செய்தவர். அவருக்குக் கல்வீடு கட்ட வசதியில்லை. தட்டி கட்டி, மேலே ஓலையும் புல்லும் வேய்ந்த குடிசையில் பிள்ளைகுட்டிகளோடு படுத்திருந்தார். குடிசை ஆடியது, விழவில்லை. விழுந்திருந்தாலும் ஓலைதானே! அவர் எழுந்து வந்து, தான் ஒருபோதும் உள்ளே அமர்ந்திராத அந்தப் பெரிய வீட்டின் இடிபாட்டைக் கைகளால் கிளறினார். இது ஒரு வீட்டில் மட்டும் நடந்ததன்று. பின்னர் அங்கே சென்று ஆராய்ந்த பொறியாளர்களும் இதையே எழுதினார்கள். பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோனவை கனத்த கல்சுவர் வீடுகள்; இலேசான குடிசைகள் பெரிதும் தப்பின.

ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அந்த ஒரு விடியலில் இறந்தார்கள். நிலநடுக்கத்தின் அளவோ 6.2. உலகக் கணக்கில் இது நடுத்தரம்தான். ஜப்பானில் இதே அளவு வந்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இழப்பு இருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கில்லாரியில் அதிர்வு தோன்றிய ஆழம் மிகக் குறைவு. நேரமோ எல்லோரும் கூரைக்கடியில் இருந்த நேரம். வீடுகளோ நான் சொன்ன வகை. மூன்றும் சேர்ந்துகொண்டன. அடுத்த நாட்களில் மழையும் வந்தது. கூட்டம் கூட்டமாகச் சிதை மூட்ட வேண்டியிருந்தது. இடிந்த வீடுகளின் நிலைகளும் சட்டங்களுமே அதற்கு விறகாயின. நம் சகோதரர்கள் ஒரே நீண்ட குழியாக வெட்டி ஜனாஸாக்களை வரிசையாக அடக்கினார்கள் என்று என் நண்பர் சொன்னார். எந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று சொல்வதற்குச் சில வீடுகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லையாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம், "அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ" என்று பேசுகிற ஒரு வழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது. கேரளத்திலோ குஜராத்திலோ ஒரு பேரிடர் வந்தால் மறுநாளே அதற்கொரு பயானை அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடிபாட்டில் சிக்கி இறக்கும் முஃமினை ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்த்து எண்ணுகிறது நம் மார்க்கம். அப்படிப்பட்ட மையித்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு பாவக்கணக்குப் பார்ப்பது நமக்கு அடுத்ததன்று. "அஸ்ஸில்ஸால்" என்னும் 99ஆம் அத்தியாயத்தை நம் மக்தபுப் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதுகிறார்கள். அது பேசுவது இறுதிநாளின் நடுக்கத்தைப் பற்றியும், அன்று நம் ஒவ்வொருவருடைய செயலும் காட்டப்படுவதைப் பற்றியும். அடுத்த ஊர்க்காரனுடைய கணக்கை நம் கையில் தருவதற்காக அது அருளப்படவில்லை.

கில்லாரிக்கு எச்சரிக்கை வராமலில்லை. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே பூமி அவ்வப்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ஓர் அதிர்வு சில வீடுகளில் விரிசல் காணும் அளவுக்கு இருந்தது. மக்கள் அஞ்சி வெளியே படுத்தார்கள். பிறகு அது அடங்கியது. அடங்கியதும் அச்சமும் அடங்கியது. மழையும் பனியும் வந்தன. மக்கள் தம் கூரைக்கடியில் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை மாதம் ஒரு குடும்பம் வெளியில் படுக்க முடியும்?

அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அன்றைய அரசின் நிலநடுக்க வரைபடத்தில் இந்தியா ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஐந்தாவது மிக ஆபத்தானது. ஒன்றாவது அச்சமே தேவையில்லாதது போன்றது. கில்லாரி அந்த முதல் மண்டலத்தில் இருந்தது! தக்காணப் பீடபூமி பழம்பெரும் பாறை, அது ஆடாது என்பது அறிஞர்களிடமே பரவியிருந்த எண்ணம். 1967 டிசம்பரில் கொய்னாவில் ஆடியபோது அந்த எண்ணம் ஒருமுறை அசைந்தது. கில்லாரியில் அது விழுந்தது. இந்தியத் துணைக்கண்டம் ஆண்டுக்குச் சில அங்குலம் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கம் இமயமலை அடிவாரத்தில் மட்டும் தங்கிவிடுவதில்லை. பழம்பாறைகளின் உள்ளே இருக்கும் பழைய பிளவுகளிலும் மெல்ல மெல்லச் சேர்கிறது. எப்போது எந்தப் பிளவு நெகிழும் என்று நாள் குறித்துச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை. வாட்ஸ்ஆப்பில் நாளும் நேரமும் குறித்து வருகிற செய்திகளை நம்பி யாரும் வீட்டைவிட்டு ஓட வேண்டாம்.

அந்த வரைபடம் 2002ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. முதல் மண்டலம் என்ற ஒன்றே அதில் நீக்கப்பட்டது. இந்தியாவில் நிலநடுக்க அச்சமே இல்லாத இடம் என்று எதையும் குறிப்பதில்லை என்று அதற்குப் பொருள். அந்தத் திருத்தத்தில் சென்னை இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு உயர்த்தப்பட்டது. கோயம்புத்தூரும், வேலூரும், தருமபுரியும், நம் சேலமும் அதே மூன்றாவது மண்டலத்தில்தான் குறிக்கப்பட்டன. ஏற்காடு எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: "ஹஜ்ரத், நாம பாறை மேல உக்காந்திருக்கோம், நமக்கு ஒண்ணும் ஆகாது." பாறை என்பது உண்மைதான். சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்னும் பாறை. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று நிலவியலார் கணித்திருக்கிறார்கள். ஆனால் கில்லாரிக்காரர்களும் பாறை மேல்தானே இருந்தார்கள்! மலையின் தென்புறம் சேலத்திலிருந்து ஆத்தூர் வரை ஒரு பழம்பிளவுப் பகுதி ஓடுகிறது என்பதும் அந்த நிலவியலார் சொன்னதே. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் விடியற்காலையில் கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. தென்னாடெங்கும் அது உணரப்பட்டது. அளவில் அது கில்லாரிக்குச் சற்றுத்தான் குறைவு. அப்போது கோவை சிறிய ஊர். அதே இடத்தில் இன்று எத்தனை மாடிகள் எழுந்திருக்கின்றன என்பதை எண்ணிப்பாருங்கள். 2018ஆம் ஆண்டு ஜூலையில் நம் சேலம், தருமபுரி மாவட்டங்களில் சில ஊர்களில் சிறு அதிர்வு உணரப்பட்டதை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். நான் அச்சமூட்டவில்லை. நம் மலைக்கு நாளையே பெரிய நடுக்கம் வரும் என்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நமக்கு அதைவிட அடுத்த ஆபத்து மழைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தோம். ஆனால் மழையைத் தாங்காத சுவர் எதைத் தாங்கும்?

இப்போது நம் மக்தபுக்கு வருகிறேன்.

மக்தபின் முன்பகுதி நம் பாட்டன்மார் காலத்தில் கட்டப்பட்டது. சீமை ஓட்டுக் கூரை. காபித் தோட்டத்தில் உழைத்தவர்களும், சந்தைக்கு மிளகும் ஆரஞ்சும் சுமந்தவர்களும் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கட்டியது. அவர்களுடைய கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அந்தக் கட்டடத்தின் மீது எனக்கு மிகுந்த அன்புண்டு. ஓட்டை மாற்றிவிட்டு அதே சுவர்களின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு மாடி எடுப்பது நம் திட்டம். திட்டம் நல்லது. பெண்பிள்ளைகளுக்குத் தனியிடம் வேண்டும் என்று முதலில் கேட்டவனே நான்தான். அதனால் இதைப் பேசும் பொறுப்பும் எனக்கே வருகிறது.

சென்ற நோன்புக்கு முன் வகுப்பறையில் புதிய மின்விசிறிக்கு ஸ்விட்ச் பெட்டி வைக்க வேண்டியிருந்தது. வயரிங் வேலை செய்ய வந்த தம்பி சுவரைக் கொத்தினார். மேற்பூச்சு ஒரு விரற்கடைதான் இருந்தது. அதற்குப் பின்னால் கல். கல்லை அசைத்ததும் உள்ளிருந்து செம்மண் பொலபொலவென்று கொட்டியது. ஒரு சட்டி நிறைய அள்ளினோம். சிமெண்டு இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வெளிப்புறம் ஒரு வரிசைக் கல், உட்புறம் ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும்படி குறுக்கே போட்ட நீளக்கல் ஒன்றுகூட அந்த இடத்தில் கண்ணுக்குப் படவில்லை. நான் அந்தத் துளைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நண்பர் திண்ணையில் படுத்தபடி எனக்கு விவரித்த அதே சுவர்! அது எப்படி விழும் என்று அவர் தம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்துப் பிரித்துக் காட்டுவார். அதிர்வு வந்ததும் வெளிவரிசை வெளியே சாயும். உள்வரிசை உள்ளே சாயும். மேலே இருந்தது நேராகக் கீழே வரும்.

இன்று அந்தச் சுவரின் மேல் இருப்பது ஓடும் ரீப்பர்களும். நாளை நாம் ஏற்ற நினைப்பது ஒரு கான்கிரீட் தளத்தின் பாரமும், அதன்மேல் இன்னொரு சுவரும், அதன்மேல் பிள்ளைகளும். கில்லாரிக்காரர்கள் ஆண்டுதோறும் கூரையில் மண் ஏற்றினார்களே, நாம் அதை ஒரே வாரத்தில் ஏற்றப்போகிறோம்.

"அப்படியானால் இடித்துவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். தேவையில்லை என்றே நினைக்கிறேன். மராட்டியத்தில் 52 ஊர்களை முற்றிலும் வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள். உலக வங்கிக் கடன் வந்தது. நாடெங்குமிருந்து அறக்கட்டளைகள் வந்தன. அவ்வாறு இடம்பெயர்த்துக் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 28,000. ஆனால் அதைவிடப் பல மடங்கு வீடுகளை இருந்த இடத்திலேயே பழுதுபார்த்து உறுதிப்படுத்தினார்கள். செய்த வேலை நம் கொத்தனார்களுக்குப் புரியாத வித்தையன்று. இரண்டு கல்வரிசைகளையும் சேர்த்துக் கட்ட, இடைவெளி விட்டுச் சுவரைக் குறுக்கே துளைத்துக் கம்பி வைத்துக் கான்கிரீட் அடைப்பது ஒன்று. ஜன்னல், கதவுகளுக்கு மேலாகச் சுவர் நெடுகச் சுற்றிவந்து மூலைகளை இழுத்துப் பிடிக்கும் பெல்ட் கான்கிரீட் ஒன்று. கூரையின் பாரத்தைக் குறைப்பது ஒன்று. மேலே எதையும் ஏற்றாமல், பெண்பிள்ளைகளுக்கு வேண்டிய அறையைப் பின்புறக் காலியிடத்தில் தனியே கடைக்கால் தோண்டி, பில்லர் எழுப்பித் தரையிலிருந்தே கட்டுவது என் யோசனை. முடிவு என்னுடையதன்று. நான் கொத்தனாரும் அல்ல, பொறியாளரும் அல்ல. கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடத் தெரிந்த ஒரு பொறியாளரை அழைத்து, கூலி கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இதுதான் நான் இன்று வைக்கும் கோரிக்கை. கூலி கொடுத்து என்று சொல்வதைக் கவனியுங்கள். "நம்ம பையன்தான், சும்மா பார்த்துச் சொல்லுவான்" என்று வருகிற ஆலோசனை சும்மாதான் இருக்கும்.

நிதி கொடுத்தவர்களில் இருவர் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார்கள். "மேல்மாடிக்கென்று நிய்யத்து வைத்துக் கொடுத்த பணத்தைக் கீழ்ச்சுவருக்குச் செலவிடலாமா, ஹஜ்ரத்?" கேள்வி நியாயமானது. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்ததை நிர்வாகம் தன் விருப்பப்படி வேறொன்றுக்குத் திருப்பக்கூடாது. கொடுத்தவர்களிடம் அனுமதி பெற வேண்டும். ஆகவே அனுமதி கேட்கிறோம். கொடுத்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஒரு படிவம் அச்சிட்டு வைத்திருக்கிறோம். சம்மதம் இல்லாதவர்கள் அதிலேயே எழுதிக் கொடுக்கலாம். அவர்களுடைய தொகை புதிய அறைக்கென்று தனியே வைக்கப்படும், அல்லது திருப்பித் தரப்படும். கல்வெட்டில் பெயர் வருமா என்றும் ஒருவர் கேட்டார். சுவருக்குள் போகும் கம்பிக்கு யார் பெயர் எழுதுவது? வரும், ஹாஜியார் அவர்களே, வேறோர் ஏட்டில் வரும்.

தவக்குலைப் பற்றியும் ஒருவர் சொன்னார். அல்லாஹ் நாடியதுதான் நடக்கும், இத்தனை ஏற்பாடு எதற்கு என்றார். ஒட்டகத்தைப் பற்றிய நபிமொழியை நம் மக்தபின் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நான் இங்கே மீண்டும் சொல்லவில்லை.

இன்னொரு சட்டத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், கேட்போருக்குப் புதிதாக இருக்கலாம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் நிலநடுக்கம் வந்தபோது, பக்கத்துத் தீவான பாலியில் ஓர் இமாம் சுவரைப் பிடித்துக்கொண்டு தொழுகையைத் தொடர்ந்த காட்சி உலகெங்கும் பரவியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவருடைய ஈமானின் உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நிலநடுக்கத்தில் லொம்போக்கில் ஒரு பள்ளிவாசல் தொழுதுகொண்டிருந்தவர்களோடு இடிந்து விழுந்ததை அந்த அளவுக்கு எவரும் பகிரவில்லை. உயிரைக் காக்க வேண்டிய நிலை வந்தால் தொழுகையை முறித்துவிட்டு வெளியேறலாம் என்பது மட்டுமல்ல, பிறர் உயிரைக் காப்பதற்காக முறிப்பது கடமையாகவும் ஆகும் என்று ஃபுகஹாக்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே நம் பள்ளியில் நான் இமாமாக நிற்கும்வரை, கட்டடம் ஆடினால் நான் ஸலாம் கொடுக்கக் காத்திருக்க மாட்டேன். நீங்களும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் முதலில், பிறகு முதியவர்கள், பிறகு நாம், எல்லோரும் முன்புறத் திடலுக்கு. நடுக்கம் ஓய்ந்தபின் அங்கேயே அவரவர் தனித்தனியே இரண்டு ரக்அத் தொழுது துஆ செய்வோம். இதற்காக முன்வாசலில் செருப்பு அலமாரியையும் தண்ணீர் டிரம்மையும் வைத்து வழியை அடைத்திருப்பதை நீக்கித்தர வேண்டுமென்று மோதினாரிடமும் இளைஞர் குழுவிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வழி என்றதும் அஞ்சார் நினைவுக்கு வருகிறது. குஜராத்தில் கட்ச் பகுதியிலுள்ள சிறிய நகரம் அது. 1819இல் ஆடியது, 1956இல் ஆடி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீண்டும் 2001 ஜனவரி 26ஆம் நாள் காலை, குடியரசு தின ஊர்வலமாகப் பள்ளிப் பிள்ளைகள் பழைய ஊரின் குறுகிய தெருவில் போய்க்கொண்டிருந்தபோது பெருநடுக்கம் வந்தது. இருபுறமும் நின்ற வீடுகள் அவர்கள்மேல் விழுந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் அந்தத் தெருவிலேயே மாண்டார்கள். 2022இல் அவர்களுக்காக ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. ஒரே ஊருக்கு மூன்றுமுறை. ஒருமுறை கண்டவர்களின் பேரன்மார் காலத்தில் அது கதையாகிவிடுகிறது. தெரு மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கிறது.

கில்லாரிப் பகுதியின் புதிய ஊர்களைப் பற்றி என் நண்பர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். வீடுகள் உறுதியானவை, அதில் குறையில்லை. ஆனால் எல்லாம் நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பழைய ஊரில் அண்ணன் தம்பி வீடுகள் ஒரே முற்றத்தைப் பார்த்து இருந்தன. புதிய ஊரில் எண்ணின்படி பிரிந்துபோயின. அவருடைய பாட்டி முதல் ஓராண்டு வரை, பள்ளிவாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது வழி தெரியாமல் யார் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிடுவாராம். அந்த வீட்டுக்காரர்களும் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொடுத்து, பேரனுக்கு ஆளனுப்புவார்களாம். பாட்டிக்குப் பழைய ஊர் முழுவதும் மனப்பாடம். எந்தத் திருப்பத்தில் யார் வீடு, எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் கிணற்றில் எப்போது தண்ணீர் வற்றும் என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இறந்தவர்களின் பெயர்களை வீட்டு வரிசைப்படியே சொல்லித் துஆ கேட்பார். அவர் மவுத்தானபோது அந்த வரிசையை எவரும் எழுதிவைத்திருக்கவில்லை என்று என் நண்பர் அழுதார்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை. நம் மஹல்லாப் பதிவேட்டில் குடும்பத்தலைவர் பெயரும் சந்தாத் தொகையும் மட்டுமே இருக்கின்றன. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும், குறிப்பாகப் பெண்களின் பெயர்களும், நடக்கவியலாத முதியவர்கள் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்தாலும் இது உதவும். மூன்று இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீடு வீடாக வருவார்கள். "வீட்டுப் பெண்கள் பெயர் எதற்கு?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மக்தபுச் சுவரைக் கட்டிய கொத்தனார்கள் யார், எந்த ஆண்டில் எந்தப் பகுதியைச் சேர்த்தார்கள், கடைக்கால் எத்தனை அடி ஆழம் என்பது பற்றி மூத்தவர்கள் எவருக்கேனும் நினைவிருந்தால், பழைய புகைப்படமோ ரசீதோ பெட்டியில் கிடந்தால், பொறியாளர் வருவதற்கு முன் நமக்குத் தெரியவேண்டும். வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் மக்தபு அறையிலேயே அமர்ந்திருப்பேன். ஸ்விட்ச் பெட்டிக்காகக் கொத்திய இடத்தை இன்னும் பூசவில்லை. வருகிறவர்கள் கையை விட்டுப் பார்க்கலாம்.

இன்ஷா அல்லாஹ், ஞாயிறன்று சந்திப்போம். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.